பதினாறு கோருக்கு ஒரு வாய்

உடுமலைப்பேட்டை தக்காளி மார்க்கெட்டில் இருபத்தெட்டு வருஷம் ஏலம் கூவிய சிவப்பிரகாஷ், ஒரு சித்திரை மாதக் காலையில் ‘முந்நூத்தி முப்பது’ என்று சொன்னவர், ‘முந்நூத்தி நாப்பது’ என்று சொல்லாமலே பெட்டிகளின் மேல் சாய்ந்தார். மூளையில் இரத்தக்குழாய் அடைப்பு. உயிர் தப்பியது, கை கால் தப்பியது, பேச்சு மட்டும் தப்பவில்லை. நாக்கில் கோளாறில்லை, மூளையில் வார்த்தைகள் இருந்த இடமே கருகிவிட்டது என்றார் டாக்டர். அதனால் எழுதவும் வராது, எழுதியதைப் படிக்கவும் வராது. விரல் விட்டு எண்ணுவது மட்டும் மிச்சம். எண்கள் மூளையில் வேறு வீட்டில் குடியிருக்கின்றனவாம்.

மூச்சு விடாமல் நிமிஷத்துக்கு முப்பது விலை சொல்லும் வாய் அது. அது மூடிக்கொண்டதில் அவர் மனைவி லாவண்யாவுக்கு வீடு வீடாகவே இல்லை. அவள் கூட்டுறவு ரேஷன் கடையில் விற்பனையாளர். பகலெல்லாம் ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினால், வந்த கோபத்தைக் கொட்ட ஒரு சண்டைக்குக்கூட எதிராளி இல்லை. ‘சண்டை போடவாவது ஒரு வாய் வேணுமே சாமி’ என்று அழுவாள்.

ஆறு மாதம் கழித்து அரசாங்கத் திட்டத்தில் அவருடைய வலது காதுக்குப் பின்னால் ஒரு சிப் வைத்தார்கள். மனதில் பேச நினைப்பதைப் பிடித்து, வார்த்தையாக்கி, சட்டைக் காலரில் குத்திய சின்ன ஸ்பீக்கர் வழியாக அது சொல்லும். குரலும் அவருடைய பழைய குரலே. மார்க்கெட்டில் யாரோ விளையாட்டாக எடுத்து வைத்திருந்த வீடியோக்களிலிருந்து அதைப் பிழிந்தெடுத்தார்கள்.

இலவச சிப்பில் இரண்டு கோர். கோர் என்றால் சிப்புக்குள் உட்கார்ந்து கணக்குப் போடும் குட்டி மூளை. காசு கொடுத்து வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரே சிப்பில் பதினாறு. அவர்கள் உங்களையும் என்னையும் போலப் பேசினார்கள். இரண்டு கோர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை வெளியே வரப் பத்து விநாடி. சிவப்பிரகாஷ் ‘போதும்’ என்று நினைத்து, அது ஸ்பீக்கருக்கு வந்து சேர்வதற்குள் லாவண்யா மூன்றாவது கரண்டி சோற்றைப் போட்டு முடித்திருப்பாள். ஏலக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

உடுமலையில் இப்படிப் பேச்சும் எழுத்தும் போனவர்கள் எட்டுப் பேர். பயிற்சிக்கென்று உரக் கிடங்குக்கு மேலே ஒரு கூடம் கொடுத்தார்கள். எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, வட்டமாக. அதற்குப் பொறுப்பாளர் வேலையை லாவண்யா கேட்டு வாங்கிக்கொண்டு, ரேஷன் கடையில் மாலை நேரத்துக்கு மாறிக்கொண்டாள்.

அங்கேதான் அந்த அதிசயம் தற்செயலாகத் தெரியவந்தது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஏழு பேர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார்கள். விழித்திருந்தவர் ஜெகதீசன் ஒருவர்தான். பழனி ரூட்டில் கண்டக்டராக இருந்து, விபத்தில் மண்டையில் அடிபட்டவர். அவர் மேலே பார்த்து, “இந்த ஃபேன நிறுத்து லாவண்யா, கெழவன் இருமற மாதிரியே சத்தம் போடுது” என்று ஒரே மூச்சில் சொன்னார். சொல்லிவிட்டு, பாம்பை மிதித்தவர் மாதிரி அவரே துள்ளி எழுந்தார்.

தூங்குகிறவர்களின் சிப் சும்மா கிடக்கும் அல்லவா? நாற்பது மீட்டருக்குள் சும்மா கிடக்கும் கோர்களை ஒரு சிப் இரவல் வாங்கிக்கொள்ளும். ஆஸ்பத்திரி வார்டுகளுக்காகச் செய்த ஏற்பாடு அது. எட்டு இரண்டு பதினாறு. அன்றிலிருந்து கூடத்தில் ஒரு வழக்கம் வந்தது. ஒருவர் பேசினால் மற்ற ஏழு பேரும் சும்மா இருக்க வேண்டும். வாய் சும்மா இருந்தால் போதாது, மனமும் சும்மா இருக்க வேண்டும். உள்ளுக்குள் ஒரு பதில் சொல்ல நினைத்தாலும் பேசுகிறவருக்கு வார்த்தை தடுக்கும். தலைக்கு இருபது நிமிஷம், காலையில் ஒரு சுற்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சுற்று. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டார்கள். பெண்டாட்டி புருஷனுக்குள்ளேயே நடக்காத சங்கதி இது.

சிவப்பிரகாஷ் தன் இருபது நிமிஷத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் ஏலம் விடுவார். “ஜெகதீசண்ணன் செருப்பு, ஒரு வாரு அறுந்தது, பழனி மலைய நூறு தடவ பாத்தது, அஞ்சு ரூவா, அஞ்சு ரூவா, கேக்கறவங்க கேளுங்க, ஆறு...” என்பார். பிறகு லாவண்யாவைத் திட்ட ஆரம்பிப்பார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். கண்ணில் தண்ணீர் கொட்டும்.

நாலாம் நாற்காலியில் இந்துமதி. முப்பத்தாறு வயது. செத்துப்போன புருஷனின் பங்கு நிலத்தைக் கேட்டதற்காக, புருஷனின் அண்ணன் அவள் தலையில் இரும்புக் கம்பியால் அடித்தான். அவள் மாடிப்படியில் உருண்டு விழுந்தாள் என்று அவன் சொன்னான். பார்த்த சாட்சி கிடையாது. கோர்ட்டில் அவள் பத்து விநாடிக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லப்போக, ‘இது அந்தம்மா பேச்சல்ல, மிஷின் யோசிச்சுப் போடற வார்த்தை’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்றார். தங்குதடையில்லாமல் பேசினால் ஏற்கிறோம் என்று வழக்கைத் தள்ளி வைத்திருந்தார்கள்.

இனி லாவண்யா செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சிப் இலவசம்தான், அதற்குள் ஓடும் சாப்ட்வேர் இலவசம் இல்லை. அதற்கு வருஷா வருஷம் உரிமம் புதுப்பிக்க வேண்டும். ஒரு குடும்ப அட்டைக்கு ஓர் உரிமம், அந்த அட்டையில் எத்தனை சிப் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒன்று என்பது அப்போதைய விதி. இருபது வருஷம் ரேஷன் கடையில் இருந்தவளுக்கு அட்டை விவகாரம் தண்ணீர் பட்ட பாடு. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே அட்டைக்கு மனு எழுதினாள்.

கிராம நிர்வாக அதிகாரி மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னம்மா இது, எட்டுப் பேரு, எட்டு சாதி. ஒரே குடும்பம்ங்கற?”

“மத்தியானம் ஒரே அடுப்புலதானுங்க சோறாக்கறோம். அட்டைக்குக் குடும்பம்னா ஒரே அடுப்புத்தானுங்களே?”

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எட்டு வீட்டிலும் அவளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். வருஷம் எட்டு அலைச்சல் ஒன்றாகக் குறைந்தது. தன் சமர்த்தை நினைத்து அவளுக்கே கொஞ்சம் கர்வம்தான்.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில், மழையில் நனைந்த ஹெல்மெட்டோடு ஒருவர் படியேறி வந்தார். பெயர் பிரணவ், உரிமம் தணிக்கை செய்யும் ஆள். கோயமுத்தூரிலிருந்து கம்பெனி அனுப்பியிருந்தது. மணி பத்தரை. சிவப்பிரகாஷின் முறை அப்போதுதான் தொடங்கியிருந்தது.

“உரிமம் எண்ணற முறைய மாத்திட்டாங்க மேடம்,” என்றார் பிரணவ். “முன்னாடி சிப்ப எண்ணுனாங்க. இப்ப கோர எண்ணறாங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே?” என்றாள் லாவண்யா.

சிவப்பிரகாஷுக்குச் சட்டென்று பிடிபட்டது. “அட, நம்ம மார்க்கெட்டு கேட்ல வாங்கற சுங்கம் மாதிரி புள்ள. முன்னால வண்டிக்கு இவ்வளவுன்னு வாங்குனான். அப்பறம் வண்டிக்குள்ள எத்தன பொட்டின்னு எண்ணி வாங்குனான்ல? அதே கததான்.”

“கரெக்டுங்க சார். ஆனா இதுல காலிப் பொட்டியும் கணக்குல வரும்.”

“காலிப் பொட்டிக்கு எதுக்குங்க சுங்கம்?”

“தக்காளி வெக்க முடியும்ல? அதாங்க விதி. சாப்ட்வேர் எந்தெந்தக் கோர்ல ஓட முடியுமோ அத்தனையும் கணக்கு. ஓடுச்சா இல்லியாங்கறது பேச்சே இல்ல. உங்க எட்டுப் பேர்ல ஒவ்வொருத்தர் பேச்சும் பதினாறு கோர்லயும் ஓட முடியும். எட்டு பதினாறு நூத்தி இருவத்தெட்டு. உங்க அட்டைக்கு அனுமதி பதினாறு.”

லாவண்யா உட்காரவில்லை. “அப்ப இரவலே வேண்டாங்க. நிறுத்திப் போடுங்க. அவிய அவிய ரெண்டு கோருல மெதுவா பேசிக்கட்டும்.”

“அதுவும் முடியாதுங்க மேடம். ஒரு உரிமத்துக்குக் குறைஞ்சபட்சம் பதினாறு கோர்னு வெச்சுட்டாங்க. ரெண்டு கோருக்கு உரிமமே கெடையாது.”

“பொள்ளாச்சியில ரெண்டு கோர்க்காரங்க இருக்கறாங்களே, அவியெல்லாம் ஊமையா போயிட்டாங்களா?”

பிரணவ் தன் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அவங்க தனித்தனி அட்டைங்க. பழைய தனி அட்டைக்காரங்களுக்கு விலக்கு இருக்கு. சிப் கெடற வரைக்கும் பழைய கணக்கே ஓடும். கூட்டு அட்டைக்கு விலக்கு இல்ல. இப்படி ஒரு அட்டை வேற எங்கயும் நான் பாக்கலைங்க.”

லாவண்யா ஓரடி முன்னால் வந்தாள். “அது நான் பண்ணுனதுங்க. நாளைக்கே பிரிச்சுத் தர்றனுங்க. எந்த ஆபீஸுக்கு வேணும்னாலும் போறேன்.”

“பிரிச்சா புது அட்டைங்க. புது அட்டைக்குப் புது விதி.”

விலைக்கு வாங்கினால் என்று யாரோ சைகையில் கேட்டார்கள். பிரணவ் ஒரு தொகையைச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

“ஒண்ணே ஒண்ணு பண்ணலாங்க,” என்றார் அவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. “பதினாறு கோரையும் ஒருத்தர் பேருக்குப் பதியலாம். அவரு இப்ப மாதிரியே நல்லாப் பேசுவாரு. மத்த ஏழு பேர் சிப்பும் அவருக்காக ஓடும். ஏழு பேரும் நாப்பது மீட்டருக்குள்ள இருக்கோணும், மனச சும்மா வெச்சிருக்கோணும். அவங்க ஸ்பீக்கர் மட்டும் வேலை செய்யாது.”

“தெனம் ஒருத்தர்னு மாத்திக்கலாமா?”

“ஒருக்கா பதிஞ்சா மூணு வருஷத்துக்கு மாத்த முடியாதுங்க. பன்னெண்டு மணிக்குள்ள பேர் குடுக்கலைன்னா எட்டும் பூட்டிக்கும். எனக்கு எண்ணறது மட்டுந்தாங்க வேலை. பூட்டறது அங்கிருந்தே நடக்கும்.”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இவர்கள் வாயை மூட ஒரு பெருக்கல் கணக்கு போதுமாயிருந்தது. லாவண்யா திட்டினாள், கெஞ்சினாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரணவ் கையை உருவிக்கொள்ளவும் இல்லை, வேறு வழி சொல்லவும் இல்லை. ‘உங்க மேலதிகாரி யாரு?’ என்று கேட்டாள். அவர் ஒரு நம்பரைக் கொடுத்தார். ஏழு முறை போட்டும், காத்திருக்கச் சொல்லும் அதே பாட்டுத்தான் வந்தது.

பதினொன்றரைக்கு வட்டம் கலங்கிப்போயிருந்தது. எட்டு மனமும் ஒரே நேரத்தில் கத்தியதால் ஒருவருக்கும் ஒரு வார்த்தையும் வரவில்லை. ஸ்பீக்கர்கள் ‘ந... ந...’ என்று இழுத்தன. சிவப்பிரகாஷ் எழுந்து நின்று, இரண்டு கையையும் தாழ்த்தி அமர்த்தினார். மெல்ல மெல்ல மனங்கள் அடங்கின.

“இந்தா பாருங்க,” என்றார். குரல் தெளிந்திருந்தது. “நேரம் ஓடுது. சீட்டுக் குலுக்கறதுல எனக்கு இஷ்டமில்ல, இது பரிசுச் சீட்டு இல்ல. கையத் தூக்கறதும் வேண்டாம். யாரு யாருக்குத் தூக்கலைங்கறது ஆயுசுக்கும் மனசுல நிக்கும். மூணு வருஷம் ஒரே வட்டத்துல உக்காரோணும் நாம. மாட்டுச் சந்தையில பண்ற மாதிரி துண்டு போட்டுக்கலாம்.”

மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். இங்கே நாற்காலிக்கு ஒன்று முதல் எட்டு வரை எண் இருந்தது. யார் பேச வேண்டுமோ அவர் எண்ணுக்கு விரலைப் பிடிக்க வேண்டும். ஐந்துக்கு மேல் என்றால் முழுக்கையையும் பிடித்துவிட்டு மிச்சத்தைப் பிடிக்க வேண்டும்.

சிவப்பிரகாஷ் ஒன்றாம் நாற்காலி. வட்டத்துக்குப் பெரியவர் மாதிரி இருப்பவர், எல்லாரையும் சிரிக்க வைப்பவர். லாவண்யா சுவரோரம் நின்று வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டாள். எட்டுப் பேர் வாயிலும் மண்ணைப் போட்டவள் தான்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ‘முருகா, என்ற மாமனுக்கே வரட்டும், அவருக்கே வரட்டும்’ என்றுதான் அவள் மனம் முணுமுணுத்தது.

அவர் தோள் துண்டை எடுத்து ஒவ்வொருவர் முன்பும் குனிந்தார். துண்டுக்குள் கைகள் அசைந்தன. ஜெகதீசனிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். இந்துமதியிடம் நின்றபோது அவர் முகம் ஒரு கணம் வாடியது போலிருந்தது. ஏழு பேரையும் முடித்துவிட்டு, தன் வலது கையால் தன் இடது கையைத் துண்டுக்குள் பிடித்து, “யோவ், ஏலக்காரா, நீ எவ்வளவு சொல்ற?” என்று தன்னையே கேட்டார். அந்த நிலைமையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பிறகு நிமிர்ந்து கூவினார். மார்க்கெட்டில் கேட்ட அதே குரல்.

“நாலாம் நம்பரு. ஒரு தரம்.”

இந்துமதி நாற்காலியைவிட்டு எழுந்தாள்.

“ரெண்டு தரம்.” அவர் லாவண்யாவைப் பார்த்தார். ஏதோ யோசிப்பவர் போல அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். “மூணு தரம்.”

இந்துமதி இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி மறுத்தாள். அழுதாள். அவர் காலைத் தொடப் போனாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்து ஜெகதீசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரணவ் பெயரைப் பதிந்தார். பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருந்தது.

அந்த மூன்று நிமிஷத்தையும் வட்டம் சிவப்பிரகாஷுக்கே விட்டுக்கொடுத்தது. அவர் லாவண்யாவிடம் வந்தார். முப்பது வருஷக் குடும்பத்துக்கு மூன்று நிமிஷத்தில் என்ன பேசுவது? “அழுவாத அம்மிணி,” என்றார். “சாயங்காலம் கடைக்குப் போறப்ப உன்ற கண்ணாடிய மறந்து வெச்சுட்டுப் போயிராத, நேத்தும் விட்டுட்டே. மாத்திரைய நானே எடுத்துக்கறேன். இனி நீ எத்தன கரண்டி போட்டாலும் வேண்டாம்னு சொல்ல ஆளில்ல, பாத்துப் போடு.” இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸ்பீக்கர் சின்னதாக ஒரு ‘டிக்’ சத்தம் போட்டு நின்றது.

அதன் பிறகு மூன்று மாதம் லாவண்யா யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அட்டை எழுதிய குற்றம் ஒரு பக்கம் அரித்தது. அதைவிட அதிகமாக அவளை அரித்தது வேறொன்று. எட்டுப் பேர் கை கொடுத்ததில் இவருக்கு நாலு கை விழவில்லையா? தினம் சிரிக்க வைத்தாரே, அதற்கு இதுதான் கூலியா? சோற்றுத் தட்டை ஒவ்வொருவர் முன்பும் ணங்கென்று வைத்தாள். நன்றிகெட்ட ஜென்மங்கள் என்று வாய்விட்டே சொன்னாள். அவர்களால் பதில் சொல்ல முடியாது என்பது கொஞ்சம் வசதியாகத்தான் இருந்தது.

இந்துமதி பேசினாள். ஆனால் தனக்காக அதிகம் பேசவில்லை. “ஜெகதீசண்ணனுக்குத் தண்ணி வேணுமாட்ட இருக்குதுக்கா” என்பாள். “பிரகாஷண்ணனுக்கு வெளக்கெண்ண கொஞ்சம் குடுக்கா, காதுக்குப் பின்னால தடவிக்கட்டும்” என்பாள். கோரெல்லாம் ஓடும்போது சிப் சூடேறும். சாயங்காலத்துக்குள் ஏழு பேருக்கும் காதுக்குப் பின்னால் சிவந்து போகும். ஒருநாள், “அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்” என்று ஆரம்பித்தாள். சிவப்பிரகாஷ் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு வார்த்தை தடுத்தது. லாவண்யா, “எனக்கு ஒண்ணும் கேக்க வேண்டாம், போய்ப் பேசிப் பழகு” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

தை மாதத்தில் சாட்சி விசாரணை வந்தது. இந்துமதி கோர்ட்டுக்குள் பேச வேண்டுமென்றால் ஏழு பேரும் நாற்பது மீட்டருக்குள் இருந்தாக வேண்டும். நீதிபதி அனுமதி கொடுத்திருந்தார். வெளியே வராந்தா பெஞ்சில் ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். “அவங்ககிட்ட யாரும் பேச்சுக் குடுக்காதீங்க,” என்று இந்துமதியின் வக்கீலம்மா லாவண்யாவிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார். “பதில் சொல்ல நெனச்சாங்கன்னா அங்க அந்தப் பொண்ணுக்குத் தடுக்கும். இன்னிக்குத் தடுத்தா கேஸே போச்சு.”

கதவு திறந்தே இருந்தது. இந்துமதியின் குரல் கணீரென்று கேட்டது. அன்றைக்கு என்ன கிழமை, புருஷனின் அண்ணன் கிணற்றடியில் எங்கே நின்றான், முதலில் என்ன வார்த்தை சொன்னான், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. வெளியே ஏழு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர்கள் என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் அதட்ட வந்தார். லாவண்யா கையெடுத்துக் கும்பிட்டு அவரைத் திருப்பி அனுப்பினாள்.

ஈரத் துணியால் ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் ஒற்றிக்கொண்டே வந்தவள், ஜெகதீசனிடம் வந்ததும் நின்றாள். மூன்று மாத ஆங்காரம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பேசக் கூடாதே. ஈரத் துணியைத் தன் கைமேல் போட்டுக் காட்டினாள். பிறகு நான்கு விரலைக் காட்டி, ‘நீயும்தானே?’ என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள்.

ஜெகதீசன் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். ஒரே ஒரு விரலைக் காட்டினார். அந்த விரலாலேயே சிவப்பிரகாஷைச் சுட்டினார்.

நல்ல பிள்ளைக்கு நடிக்கிறார் என்று நினைத்தாள். அடுத்தவரிடம் போனாள். ஒரு விரல். அதற்கடுத்தவள், டீச்சராக இருந்தவள், அவளும் ஒரு விரல். ஐந்தாம் நாற்காலிக்காரர், கேள்வி முடிவதற்கு முன்பே ஒரு விரலை நீட்டிவிட்டு, உங்களுக்குத் தெரியாதா என்பதுபோல அவளையே பார்த்தார். ஆறு பேரும் ஒன்று. ஆறு பேரும் சிவப்பிரகாஷ். அவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் ஒரு கை மட்டும்தான் அவருக்கு விழுந்தது, மற்றவர்கள் எல்லாம் நாலுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று இத்தனை நாளும் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இந்துமதியும் ஒன்றைத்தான் பிடித்திருக்கிறாள், அன்றைக்கு அவள் கையை ஆட்டி ஆட்டி அழுதது அதனால்தான் என்பதும் லாவண்யாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

துண்டுக்குள் ஏழு கை அவருக்கு. வெளியே கூவியது நாலு. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு பொய் விலை கூவாத மனுஷன்.

ஏன்? இந்துமதியின் கேஸுக்காகவா? அல்லது, அட்டை எழுதி எட்டு வாயை அடைத்தவளின் புருஷனே எஞ்சிய ஒரு வாயையும் எடுத்துக்கொண்டான் என்று ஊர் சொல்லும், அந்தப் பேச்சு தன் மனைவி மேல் விழக் கூடாது என்றா? மூன்றாம் தரம் கூவுவதற்கு முன்னால் தன்னை அப்படிப் பார்த்தாரே, எதற்காக? அவளுக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. பேசக் கூடாது என்பதே மறந்துபோயிற்று. அவர் முன்னால் மண்டியிட்டு, இரண்டு முழங்காலையும் பிடித்து உலுக்கினாள்.

“ஏன் மாமா? எனக்காகவா மாமா பண்ணுனீங்க? சொல்லுங்க மாமா!”

சிவப்பிரகாஷ் கண்ணைத் திறந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவருக்கும் சொல்ல வேண்டும் போலிருந்திருக்கும். மூன்று மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அல்லவா. நெற்றி நரம்பு புடைத்தது.

உள்ளே இந்துமதியின் குரல் சட்டென்று இடறியது. “அவரு... அந்த... க... க...”

“கவனிக்கணும் ஐயா,” என்று எதிர்த்தரப்பு வக்கீலின் குரல் உற்சாகமாக எழுந்தது. “முக்கியமான எடத்துல மிஷின் தடுமாறுது. இதைத்தான் நான் முதல்லருந்தே சொல்றேன்.”

லாவண்யா பதறிப்போய்க் கையை எடுத்தாள். அவர் காதுக்குப் பின்னால் சிவந்த இடம் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டு சொல்ல முயன்றார். அவளுடைய முகம் கண்ணெதிரே இருக்கிற வரைக்கும் அவர் முயன்றுகொண்டுதான் இருப்பார் என்று அவளுக்குப் புரிந்தது. எழுந்து, அவருக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அழுகைச் சத்தம் கேட்கக் கூடாதென்று ஈரத் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

முதுகுக்குப் பின்னால் அவருடைய மூச்சு மெல்ல மெல்ல நிதானப்பட்டது. பிறகு, “கம்பிய எடுத்துட்டு வந்தாருங்க ஐயா,” என்று இந்துமதி தொடர்ந்தாள். “மொத அடி இங்க விழுந்துச்சு.” குரல் ஒரு பிசிறும் இல்லாமல் ஓடியது.

லாவண்யா திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வருஷத்தில் மூன்று மாதம்தான் முடிந்திருந்தது.